டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள சீட்டு

என் தங்கை வேதநாயகியைப் பற்றி அவலூர்பேட்டையில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பென்ஷன்காரர்களுக்கு அந்த இலவச பஸ் கிடைத்ததே அவளால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கெடுத்ததும் அவள்தான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தெரியாமல் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆகையால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் நைனா செஞ்சி கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது. வேதநாயகிக்கு இருபது வயது முடிவதற்குள் புருஷன் காலராவில் போய்விட்டான். பிள்ளை இல்லை. நைனா போய் அழைத்துக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து சுக்கும் திப்பிலியும் இடித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் என்னிடம், "அண்ணே, பிரசவம் பாக்கப் படிக்கப் போறேன். நைனாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். நான் சொன்னேன். நைனா பல நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. தீட்டு வேலை, வியாபாரக் குடும்பத்துப் பெண் செய்கிற வேலையா என்று உறவுக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். கடைசியில் நைனாவே அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டு வந்தார்.

படித்து முடித்தவளைச் சர்க்கார் அவலூர்பேட்டைக்குப் போட்டது. இடையில் கொஞ்ச காலம் திண்டிவனத்தில் இருந்ததைத் தவிர, வேலை முடிகிறவரை அங்கேயே இருந்தாள். ஊரில் அவளுக்கு நர்சம்மா என்று பெயர். அவள் கைம்பெண் என்பதால் கல்யாண வீடுகளில் முன்னால் வரமாட்டாள். ஆனால் பிள்ளை பிறக்கிற வீட்டில் அவள் வராமல் ஒன்றும் நடக்காது. பெரிய வீடானாலும் சேரியானாலும் உள்ளே போகும்போது ஒரே கேள்விதான் கேட்பாள்: "வெந்நீர் தயாரா இருக்குதா?" என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. இதை அவலூர்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாண்டுரங்கன் என்பவர் அந்த ஊரில் பஸ் முதலாளி. யுத்தகாலத்தில் அவரிடம் ஒரே ஒரு பஸ்தான் இருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளைக்குக் கால் முதலில் வந்துவிட்டது. வேதநாயகி காலையில் உள்ளே போனவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளைதான் ஜெயராமன்.

"என் பஸ்ஸு ஓடற வரைக்கும் உங்களுக்கு டிக்கெட்டு கிடையாது" என்று பாண்டுரங்கன் அன்றைக்கே சொன்னார். அவள் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற காலம் முழுவதும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறினாள். 1960-ல் வேலையிலிருந்து நின்றபோது அவர் மறுபடியும் வந்தார். பென்ஷன் வாங்க மாதாமாதம் செஞ்சி தாலுகா கஜானாவுக்கு நேரில் வரவேண்டும் அல்லவா, அதற்காக.

"இப்பயாவது ஒத்துக்கம்மா."

"எனக்கு மட்டும்னா வேணாங்க. தபால்காரர் பச்சமுத்து அந்த முட்டி வலிக்கிற காலை வெச்சிக்கினு பாதி வழி நடந்தே செஞ்சிக்குப் போறாரு. வாத்தியார் தேவநாதன் ஒரு மாசம் போனா ஒரு மாசம் போறதில்ல. பென்ஷன் வாங்கப் போறவங்க எல்லாரையும் ஏத்திக்கினா, நானும் ஏறிக்கிறேன்."

பாண்டுரங்கன் சிரித்துவிட்டார். "ஒருத்தருக்குக் குடுக்க வந்தா ஊருக்கே கேக்கறியே. சரி, ஏறுங்க எல்லாரும்" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்தான்.

மாதம் பிறந்து கஜானா திறக்கும் நாளில் முதல் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள சீட்டு அவர்களுக்கு. பென்ஷன் சீட்டு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கண்டக்டர் ராஜாங்கமும் வேதநாயகி கையில் பிறந்தவன்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் குரல் கொடுப்பான்.

"பென்ஷன் சீட்டு எறங்கலாம். யாரும் பல்லை வுட்டுட்டுப் போயிடாதீங்க."

"வுட்டுட்டுப் போறதுக்கு வாயில இருக்கணுமேடா" என்பார் பச்சமுத்து.

கஜானா வேலை முடிந்ததும் எல்லாரும் என் கடைக்கு வருவார்கள். தேவநாதன் என் பேப்பரை எடுத்துக்கொண்டு உலக விஷயம் பேசுவார். பச்சமுத்து முட்டிக்குத் தைலம் கேட்பார். வேதநாயகி மட்டும் வீட்டுக்குள் போய் என் மனைவி கண்ணம்மாளோடு சாப்பிடுவாள். மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். ஆறு வருஷம் இப்படி நடந்தது. எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு நாள் கத்திரிக்காய்க் குழம்பு என்றால் அது வேதநாயகி வருகிற நாள்.

1965-ல் பாண்டுரங்கன் காலமானார். ஜெயராமன் கையில் கம்பெனி வந்தது. அடுத்த வருஷம் சர்க்கார் ரூபாய் மதிப்பைக் குறைத்தது. டயர் விலை ஏறிப்போச்சு, சாமான் விலை ஏறிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு அறிவிப்பை ஒட்டச் சொன்னான். இனிமேல் எல்லாரும் டிக்கெட் வாங்க வேண்டும், யாருக்கும் சலுகை இல்லை என்று போட்டிருந்தது. அந்த வழியில் வேறு கம்பெனி பஸ் கிடையாது.

அந்த வாரம் அவலூர்பேட்டைச் சந்தையில் இதே பேச்சாக இருந்தது. கடைக்குச் சரக்கு எடுக்க நானும் போயிருந்தேன். தேவநாதன் நடுவில் நின்று, சர்க்காருக்கு உழைத்தவர்களை இப்படி அவமானப்படுத்தலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் கீரைக்கூடையோடு நின்ற காத்தாயி என்ற கூலிக்காரப் பெண் குறுக்கே கேட்டாள்.

"ஏன் வாத்தியாரே, மாசம் பொறந்தா உங்களுக்குப் பணம் வருது. உங்களுக்கு ஓசி. நானு நாத்து நடப் போறேன், எனக்கு டிக்கெட்டு. இது இன்னா ஞாயம்?"

"நீ சர்க்கார் உத்தியோகம் பார்த்தியா?"

"யாரு குடுத்தாங்க, பாக்கறதுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தேவநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. வேதநாயகி மட்டும் சொன்னாள், "நீ சொல்றதும் சரிதான் காத்தாயி. உனக்கும் சேத்துக் கேக்கணும்."

"எனக்கு வேணாம் நர்சம்மா. நீங்க நல்லா இருங்க. இந்த வாத்தியாரு என்னை மூணாங்கிளாசுல முட்டி போட வெச்ச ஆளு, அதுக்குக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி கூடையை இறக்கினாள். ஆனால் அவள் கேட்டது கேட்டதுதான். கூட்டத்தில் பாதிப் பேர் அவள் பக்கம் போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. வேதநாயகிக்கும் தெரிந்தது.

தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள். பென்ஷனை மணியார்டரில் வரவழைத்துக்கொள்ளலாமே என்றார் அவர். கமிஷன் பிடிப்பார்கள், அவ்வளவுதானே என்றார். பஞ்சாயத்து யூனியனில் கேட்டார்கள். தனியார் பஸ்ஸை நாங்கள் எப்படிக் கேட்பது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் தேவநாதன் ஒரு யோசனை சொன்னார். அடுத்த பென்ஷன் நாளில் வழக்கம்போல எல்லாரும் ஏறி நீள சீட்டில் உட்கார்ந்துகொள்வது, டிக்கெட் எடுக்க மாட்டோம் என்பது, இறங்கச் சொன்னால் இறங்குவதில்லை, போலீஸைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

"கெழவன் கெழவியப் புடிச்சி உள்ள வெச்சா பேப்பர்ல வரும். முதலாளி தானா வழிக்கு வருவான்" என்றார்.

அந்த பென்ஷன் நாள் காலையில் அவர் ஒரு பையில் மாற்று வேட்டியும் சோப்பும் எடுத்து வந்திருந்தார், ஜெயிலுக்குப் போகிற தயாரிப்போடு. பச்சமுத்து அதைப் பார்த்து, "நானு ஒண்ணும் கொண்டாரலையே வாத்தியாரே, சோப்பு குடுப்பீங்களா?" என்று கேட்டாராம். இதெல்லாம் வேதநாயகி பிற்பாடு எனக்குச் சொன்னது.

எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். ராஜாங்கம் டிக்கெட் கட்டோடு முன்னால் வந்து நின்றான்.

"நர்சம்மா, உங்ககிட்ட மட்டும் கேக்க வேணாம்னு மொதலாளி சொல்லிக்கீறாரு. மத்தவங்க எடுக்கணும்."

"அப்ப என்கிட்டயும் கேளு. நானும் எடுக்கல."

கையைப் பிடித்து இறக்கிவிட அவனால் ஆகுமா? தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் போய் மணியடித்து விட்டான். வண்டி கிளம்பியதும் தேவநாதன், "பார்த்தீங்களா, முதல் படி ஜெயிச்சாச்சு" என்றாராம்.

மேல்மலையனூரில் கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். தேவநாதன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்களை எண்ணினார். ராஜாங்கத்திடம் இருந்த டிக்கெட் கட்டைச் சரிபார்த்தார். பிறகு அவன் தோளிலிருந்து தோல்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எறங்குடா" என்றார்.

"சார், நாங்கதான் எடுக்கல. கண்டக்டர் கேட்டார்" என்று தேவநாதன் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க பெரியவரே. உங்கள யாரு கேட்டா?"

வண்டி கிளம்பிவிட்டது. இன்ஸ்பெக்டரே மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொடுத்துக்கொண்டு வந்தார். வேதநாயகி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ராஜாங்கம் தோளில் பை இல்லாமல், பை இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றானாம்.

டிக்கெட் இல்லாமல் ஒரு ஆள் வண்டியில் இருந்தால் கம்பெனி அந்த ஆளைப் பிடிக்காது, கண்டக்டரைத்தான் திருடன் என்று பிடிக்கும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கிப் போகிற எவருக்கும் இது தெரியும். காத்தாயிக்குத் தெரியும். ஆறு வருஷம் டிக்கெட்டே வாங்காமல் போய்வந்த இவர்களுக்கு அது தோன்றவில்லை. முதலாளியை எதிர்த்து உட்காருகிறோம் என்று நினைத்து ராஜாங்கத்தின் தலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் கடையில் யாரும் பேப்பரைத் தொடவில்லை. வேதநாயகி சாப்பிடவும் இல்லை. "அண்ணே, என்கூட வா" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனோம்.

ஜெயராமன் எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டான். காபி வாங்கிவர ஆள் அனுப்பினான்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே பெரிம்மா."

"ராஜாங்கத்த வேலைக்கு எடுத்துக்கப்பா."

"டிக்கெட்டு போடாம ஏத்திக்கினு போயிருக்கான். இவனை வுட்டா நாளைக்கி ஒவ்வொருத்தனும் மாமன் மச்சானை ஏத்திக்குவான்."

"அவன் ஏத்தல. நாங்க ஏறினோம்."

"கம்பெனிக்கு அது தெரியாது. கம்பெனிக்குத் தெரிஞ்சது கண்டக்டரு."

"எங்கள எறக்கியிருக்கலாமே. போலீசுல குடுத்திருக்கலாமே."

"உங்களையா? ஊரே என்னைக் காறித் துப்பாதா?" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது விவரம் தெரியாமல் சொன்னால் சிரிப்போமே, அப்படி.

வேதநாயகி, "அந்தச் சீட்டு உங்க நைனா குடுத்தது ஜெயராமா" என்றாள்.

"உங்களுக்குக் குடுத்தாரு. நானும் குடுக்கறேன், நீங்கதான் வேணான்றீங்க. மத்தவங்களுக்குக் குடுக்கச் சொன்னது நீங்க. எங்க நைனா இல்ல."

அவன் சொன்னது நடந்ததுதான். வேதநாயகி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நைனாவிடம் நீயே சொல்லிவிடு என்றபோது இப்படித்தான் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அவனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் அவனுடையது.

"இனிமே எல்லாரும் டிக்கெட்டு எடுத்துதான் ஏறுவோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரிம்மா. ராஜாங்கம் நாளைக்கே வரட்டும்."

"எடுத்துதான் ஏறுவோம்" என்றாள்.

காபி வந்தது. முழுவதும் குடித்தாள். ஏன் குடித்தாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "மிச்சம் வெச்சா மனசு மாறிடுவானோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

ராஜாங்கத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அவலூர்பேட்டை வண்டியில் இல்லை, திண்டிவனம் வண்டியில். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு அங்கே தங்குகிறான்.

மற்றவர்களிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். தேவநாதன் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"யாரைக் கேட்டு வார்த்தை குடுத்தீங்கம்மா?"

"யாரையும் கேக்கல. ராஜாங்கத்துக்கு மூணு புள்ளைங்க."

"உங்களுக்கென்ன, குடுப்பீங்க. உங்களுக்குத்தான் எப்பவும் சீட்டு இருக்குதாமே, தனியா."

பச்சமுத்து பக்கத்தில் இருந்தார். "வாத்தியாரே, வாய அடக்கு. சோப்பை எடுத்துக்கினு ஜெயிலுக்குப் போனியே, போனியா?" என்றார். ஆனால் தேவநாதன் சொன்னது ஊரில் பரவிவிட்டது. நர்சம்மா தன் சீட்டைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவர்களைக் கைவிட்டுவிட்டாள் என்று, அவள் மருத்துவம் பார்த்த வீடுகளிலேயே பேசினார்கள்.

அடுத்த பென்ஷன் நாளில் அவள் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே முதல் பஸ்ஸில் ஏறினாள். தேவநாதன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நீள சீட்டில் உட்கார்ந்திருந்தார். புதுக் கண்டக்டர் வந்தான். அவள் பணத்தை நீட்டினாள்.

"வேணாம் நர்சம்மா."

"வாங்கிக்கப்பா."

"உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. வாங்கினா என்னை நிறுத்திடுவாரு."

தேவநாதன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பணம் கொடுத்தாலும் ஏற முடியாது, கொடுக்காமலும் ஏற முடியாது. வற்புறுத்தினால் இன்னொரு கண்டக்டர் ரோட்டில் நிற்பான். வேதநாயகி, "வண்டிய நிறுத்து" என்று சொல்லி இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

நான் ஜெயராமனிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். அவளிடம் டிக்கெட் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லப்பா என்றேன். அவன் பதறிப்போய், "பெரிம்மாகிட்ட காசு வாங்கினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள வுடுவாங்களா மாமா?" என்றான். அவன் மனதில் அது மரியாதை. அதை நான் எப்படி உடைப்பது?

செஞ்சிக்கே வந்துவிடு என்று நானும் கண்ணம்மாளும் கூப்பிட்டுப் பார்த்தோம். இன்னும் அங்கே அவசரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகாமல் எப்படி இருப்பது என்கிறாள். பேசுகிற அதே ஜனங்கள்தான் கூப்பிடுகிறார்கள். போகிறாள். பென்ஷன் இப்போது மணியார்டரில் வருகிறது. பச்சமுத்துவுக்கும் அப்படித்தான். "நானு ஆயுசு பூரா ஊருக்கெல்லாம் மணியார்டர் குடுத்தேன். இப்ப ஒரு சின்னப் பையன் எனக்குக் கொண்டாந்து குடுக்கறான், கையெழுத்து போடத் தெரியுமா தாத்தான்றான்" என்று சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. அவர் கடைசியாகச் செஞ்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தைலத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மாதம் பிறந்ததும் கடையை அடைத்துவிட்டு நான் அவலூர்பேட்டைக்குப் போகிறேன். கண்ணம்மாள் குழம்பைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பாள். நீள சீட்டில் இப்போது யார் யாரோ உட்கார்ந்து வருகிறார்கள். ஒருநாள் காத்தாயி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "நர்சம்மா எப்படி இருக்கறாங்க? நானு அன்னிக்கி சும்மாதான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். வேதநாயகியிடம் சொன்னேன். "சும்மா கேக்கல. சரியாத்தான் கேட்டா" என்றாள்.

என் முழங்காலும் இப்போது படி ஏற மறுக்கிறது. போன மாதம் கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். நான் யார் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பணத்தை நீட்டியபோது, "நர்சம்மாவோட அண்ணன்தானே, இருக்கட்டும்" என்றான். நான் வேறு யாரோ என்று சொல்லி டிக்கெட் வாங்கினேன்.

வேதநாயகி வாசலில் காத்திருந்தாள். தூக்குப்பாத்திரத்தை வாங்குவதற்கு முன்னால், எப்போதும் போல, கையை நீட்டினாள். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பார்வை மங்கல், அதில் இருந்த பொடி எழுத்து தெரிந்திருக்காது. ஆனாலும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான், "உள்ள வா அண்ணே" என்றாள்.